மூன்று நாள் கூலி மனிதரைச் சோம்பேறி ஆக்குமா?

நகரங்களில் வீடற்றோருக்கான தங்குமிடம் பற்றிய வழக்கொன்றை 2025 பிப்ரவரியில் விசாரித்த உச்ச நீதிமன்ற அமர்வு, தேர்தலையொட்டி அறிவிக்கப்படும் இலவசங்களால் மக்கள் உழைக்க மனமில்லாதவர்களாக மாறுகிறார்கள் என்று கவலை தெரிவித்தது. ஒட்டுண்ணிகளாக வாழும் ஒரு கூட்டத்தை நாம் உருவாக்குகிறோமோ என்ற கேள்வியும் அங்கே எழுந்தது. நடைபாதையில் படுத்துறங்குகிறவர்களைப் பற்றிய வழக்கில் இப்படியொரு கேள்வி எழுந்தது என்பதே இந்தக் குற்றச்சாட்டு நம் மனங்களில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பதைக் காட்டுகிறது. டீக்கடையிலும் வயல் வரப்பிலும் தொலைக்காட்சி விவாதத்திலும் இதையே வேறு வேறு சொற்களில் கேட்கிறோம். ரேஷன் அரிசியும் நூறு நாள் வேலையும் மாதாமாதம் வரும் ஆயிரம் ரூபாயும் ஏழைகளைச் சோம்பேறிகளாக்கிவிட்டன. உழைத்துச் சேமித்துப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பொறுப்பு அவரவருக்கு இருந்தால் வறுமை ஏன் வருகிறது? இப்படிக் கேட்பவர்கள் எல்லோரும் இரக்கமற்றவர்கள் அல்லர். அவர்களில் பலர் கடுமையாக உழைத்து மேலே வந்தவர்கள்; தங்களால் முடிந்தது மற்றவர்களால் ஏன் முடியவில்லை என்று உண்மையாகவே யோசிக்கிறவர்கள். அதனால் இந்தக் கேள்விக்கு உணர்ச்சியால் பதில் சொல்வது போதாது. சோதித்துப் பார்க்கக்கூடிய கேள்வி இது. கடந்த முப்பது ஆண்டுகளில் உலகின் பல பகுதிகளில் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அந்தச் சான்றுகள் எனக்கு உணர்த்துவது ஒன்றுதான்: பொறுப்புணர்ச்சி இல்லாததால் வறுமை வருகிறது என்பது காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிச் சொல்வது. நாளைக்கு என்ன என்ற பயம் சற்றே தணிந்த பிறகுதான் மனிதர்களால் பொறுப்போடு திட்டமிட முடிகிறது. அந்தப் பயத்தைத் தணிக்கும் உதவி, பொறுப்பு வளர்வதற்கான நிலத்தைப் பண்படுத்துகிறது.

முதலில் தொகையின் அளவைப் பார்த்துவிடுவோம். 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்ட கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, மாதம் 1,000 ரூபாய். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025-26ஆம் நிதியாண்டில் அறிவிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். அதாவது, உரிமைத் தொகை மூன்று நாள் கூலிக்குச் சமம். மாதத்தில் மூன்று நாள் கூலி கைக்கு வந்துவிட்டது என்பதற்காக மீதி இருபத்தேழு நாளும் ஒருவர் வேலைக்குப் போகாமல் இருந்துவிட முடியுமா? வீட்டு வாடகை, கேஸ் சிலிண்டர், மருந்து, பிள்ளையின் பஸ் செலவு, தவணைக் கடன் எல்லாம் இந்த ஆயிரத்துக்குள் அடங்குமா? இதைக் கணக்கிட பொருளாதாரப் படிப்பு தேவையில்லை. ஆனாலும் குற்றச்சாட்டு நிற்கிறது என்றால், அது தொகையைப் பார்த்து எழுந்ததல்ல, வாங்குகிறவரைப் பார்த்து எழுந்தது என்றே நினைக்க வேண்டியிருக்கிறது.

கணக்கை விட்டுவிட்டு ஆய்வுகளுக்கு வருவோம். நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் ரெமா ஹன்னா உள்ளிட்ட சக ஆய்வாளர்களும், அரசு நேரடியாகப் பணம் வழங்கிய ஏழு திட்டங்களின் தரவுகளை மறுபடி எடுத்து ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். மெக்சிகோ, ஹோண்டுராஸ், நிகராகுவா, மொராக்கோ, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் ஆகிய ஆறு நாடுகளில் நடந்த திட்டங்கள் அவை. ஒவ்வொன்றிலும் பணம் பெறுகிறவர்களும் பெறாதவர்களும் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டிருந்ததால், வேறுபாடு எதனால் வந்தது என்பதில் குழப்பமில்லை. பணம் பெற்றவர்கள் வேலை செய்வதைக் குறைத்துக்கொண்டார்கள் என்பதற்கு அவர்களால் முறையான சான்று எதையும் காண முடியவில்லை. இது ஒரு நாட்டின் பழக்கமோ ஒரு பண்பாட்டின் விசேஷமோ இல்லை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சமூகங்களில் ஒரே முடிவு திரும்பத் திரும்ப வந்திருக்கிறது.

நம் நாட்டிலேயே மத்தியப் பிரதேசத்தில் 2011-12இல் ஒரு சோதனை நடந்தது. சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான சேவா, யுனிசெஃப் ஆதரவுடன் நடத்திய சோதனை அது. எட்டுக் கிராமங்களில் எல்லோருக்கும், பணக்காரர் ஏழை என்று பிரிக்காமல், எந்த நிபந்தனையும் விதிக்காமல் மாதாமாதம் பணம் கொடுத்தார்கள். முதலில் பெரியவர்களுக்கு 200 ரூபாய், குழந்தைகளுக்கு 100 ரூபாய். பிறகு அது 300 ஆகவும் 150 ஆகவும் உயர்ந்தது. பணம் கொடுக்கப்படாத பன்னிரண்டு கிராமங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பணம் வந்த கிராமங்களில் உழைப்பு குறையவில்லை. உழைப்பின் இடம்தான் மாறியது. பிறர் வயலில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் தங்களுடைய சிறு நிலத்தில் கூடுதல் நேரம் செலவிட்டார்கள். விதையும் உரமும் வாங்கினார்கள், ஆடு மாடு வாங்கினார்கள். வாங்கிய கடனுக்கு ஈடாக ஒருவரிடமே கட்டுப்பட்டு உழைக்கும் நிலையிலிருந்து சில குடும்பங்கள் வெளியே வந்தன. இந்தக் கடைசி விவரத்தைத்தான் நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். முன்பணம் வாங்கிவிட்டுச் செங்கல் சூளையிலோ அரிசி ஆலையிலோ சிக்கிக்கொள்ளும் குடும்பங்களைத் தமிழ்நாடு நன்றாக அறியும். அவர்களிடம் உழைப்புக்குக் குறைவில்லை. தங்கள் உழைப்பை யாருக்கு, என்ன விலைக்கு விற்பது என்று முடிவெடுக்கும் வலிமைதான் அவர்களிடம் இல்லை. அந்த வலிமையைக் கொடுப்பதற்கு ஒரு சிறு தொகை போதுமானதாக இருந்திருக்கிறது.

இது எப்படி நடக்கிறது என்பதற்கு விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் கரும்பு விவசாயிகள் வழியாக ஒரு விளக்கம் கிடைத்திருக்கிறது. கரும்பு விவசாயிக்கு வருமானம் ஆண்டுக்கு ஒரு முறை, அறுவடைக்குப் பிறகு மொத்தமாக வருகிறது. அறுவடைக்கு முந்தைய மாதங்களில் அவர் ஏழை. பிந்தைய மாதங்களில் ஓரளவு வசதியானவர். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ ஆகிய நால்வரும் இந்த விவசாயிகளில் 464 பேரை அறுவடைக்கு முன்னும் பின்னும் சந்தித்து, சிந்தனைத் திறனையும் கவனத்தையும் அளக்கும் எளிய பயிற்சிகளைக் கொடுத்தார்கள். முடிவுகள் 2013இல் சயின்ஸ் இதழில் வெளியாயின. ஒரே மனிதர், ஒரே படிப்பு, ஒரே குணம். ஆனால் கையில் பணமில்லாத மாதங்களில் அவருடைய சிந்தனைத் திறன் கணிசமாகக் குறைந்திருந்தது. அறுவடைப் பணம் வந்தபின் உயர்ந்தது. ஆலைகள் வெட்டு ஆணையை வெவ்வேறு மாதங்களில் கொடுப்பதால், இது பருவநிலையால் வந்த மாற்றமா என்பதையும் பிரித்துப் பார்க்க முடிந்தது. அடகுக் கடைக்குப் போவதும் கடன் வாங்குவதும் அறுவடைக்கு முன்னால் மிகுதியாகவும் பின்னால் அரிதாகவும் இருந்தன. எந்தக் கடனை முதலில் அடைப்பது, எந்த நகையைக் கொண்டுபோய் வைப்பது, யாரிடம் எப்படித் தவணை கேட்பது என்று ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும் மனத்தில் மற்றவற்றுக்கு இடம் மிஞ்சுவதில்லை என்பதே ஆய்வாளர்களின் விளக்கம். அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் நடத்திய வேறோர் ஆய்வில் இத்தகைய வேறுபாடு தென்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இரண்டு வாரத்துக்கொரு முறை சம்பளம் வாங்குகிறவரின் நெருக்கடியும் ஓராண்டு காத்திருக்கும் விவசாயியின் நெருக்கடியும் ஒன்றல்ல என்பது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஒடிசாவில் இலைத்தட்டு தைக்கும் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வு விழுப்புரத்து முடிவுக்கு வலுச் சேர்க்கிறது. அங்கே மொத்தக் கூலியைக் கூட்டவில்லை. சிலருக்கு மட்டும் அதன் ஒரு பகுதியை முன்கூட்டியே கொடுத்தார்கள். அவசரக் கடன்களை அடைத்துவிட்டு வந்த அவர்கள் கூடுதல் தட்டுகளைத் தைத்தார்கள், தவறுகளையும் குறைவாகவே செய்தார்கள்.

இதையெல்லாம் படிக்கும்போது, பொறுப்பு என்று நாம் புகழ்கிற குணத்தில் எவ்வளவு பங்கு நம் சூழ்நிலைக்கு உரியது என்ற கேள்வி எழுகிறது. மாதச் சம்பளக்காரரின் முதுமைக்கான சேமிப்பை வருங்கால வைப்பு நிதியாக நிறுவனமே பிடித்துக்கொள்கிறது. மருத்துவக் காப்பீட்டை அலுவலகம் எடுத்துக் கொடுக்கிறது. சம்பளம் குறித்த தேதியில் வங்கிக்கு வந்துவிடுகிறது. அவர் ஒவ்வொரு நாளும் உட்கார்ந்து பொறுப்பான முடிவு எடுக்க வேண்டியதில்லை. முக்கியமான முடிவுகள் அவருக்காக ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டன. கட்டட வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இவை எதுவும் கிடையாது. மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் கூலி இல்லை. தண்டல்காரர் மட்டும் தவறாமல் வந்துவிடுகிறார். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், அன்றைய கூலியை விடுவதா மருத்துவமனையைத் தள்ளிப்போடுவதா என்று அவர் அந்த நிமிடமே முடிவெடுத்தாக வேண்டும். எதைத் தேர்ந்தாலும் இழப்புதான். நம்மைவிடப் பல மடங்கு கூடுதலான முடிவுகளை, நம்மைவிடக் குறைந்த அவகாசத்தில், தவறினால் மீளவே முடியாத நிலையில் எடுத்துக்கொண்டிருக்கும் ஒருவரைப் பார்த்துப் பொறுப்பில்லாதவர் என்கிறோம். முயற்சியைப் போற்ற ஆள்வினையுடைமை என்று ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், வறுமை மனிதரை என்ன செய்கிறது என்று சொல்வதற்கு நல்குரவு என்று தனியே இன்னோர் அதிகாரம் வகுத்தார். முதலாவதை மேடையில் முழங்குகிறவர்கள் இரண்டாவதையும் படிக்க வேண்டும்.

கொடுக்கும் பணம் குடிக்குத்தான் போகிறது என்பது அடுத்த மறுப்பு. இதுவும் சோதிக்கப்பட்டிருக்கிறது. டேவிட் எவான்ஸ், அனா போபோவா இருவரும் லத்தீன் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆசியா ஆகிய பகுதிகளில் நடந்த 19 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பணம் கொடுத்ததால் மதுவுக்கும் புகையிலைக்கும் செய்யும் செலவு கூடியது என்று காட்ட முடியவில்லை. குறைந்ததற்கே சான்றுகள் கூடுதல். ஆனால் குடியால் அழிந்த குடும்பங்கள் நம் தெருக்களில் இருக்கின்றன, அதை எந்த ஆய்வாலும் மறைத்துவிட முடியாது. கேள்வி, அந்தப் பொறுப்பை யார் தலையில் வைப்பது என்பதுதான். தமிழ்நாட்டில் 2003 நவம்பர் முதல் மதுச் சில்லறை விற்பனை டாஸ்மாக் என்ற அரசு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. 2024-25இல் இதன் வழியே கலால் தீர்வையாகவும் மதிப்புக் கூட்டு வரியாகவும் அரசுக்குக் கிடைத்தது 48,000 கோடி ரூபாய்க்கு மேல். மகளிர் உரிமைத் தொகைக்கு 2025-26 நிதிநிலை அறிக்கையில் ஒதுக்கப்பட்டது 13,807 கோடி ரூபாய். மனைவிக்குக் கொடுப்பதைப்போல மூன்று மடங்குக்கு மேல் கணவனிடமிருந்து எடுக்கப்படுகிறது. இந்தக் கணக்கைக் கண்டு கோபப்படாமல் இருக்க என்னால் முடியவில்லை. சென்னையில் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுபவர்களிடம் ஃபிராங்க் ஷில்பாக் நடத்திய ஆய்வு ஒன்று உண்டு. பகலில் குடிக்காமல் வந்தால் சிறு தொகை என்று சொன்னபோது அவர்கள் பகல் குடியைக் குறைத்தார்கள். சேமிப்பு ஏறத்தாழ 50 சதவீதம் உயர்ந்தது. அதைவிட மனத்தைத் தொடும் செய்தி வேறொன்று. நிபந்தனை இல்லாமல் கிடைக்கும் கூடுதல் பணம் வேண்டுமா, குடிக்காமல் இருந்தால் மட்டும் கிடைக்கும் பணம் வேண்டுமா என்று கேட்டபோது, பாதிக்கு மேற்பட்டவர்கள் பண இழப்பையும் ஏற்றுக்கொண்டு இரண்டாவதைத் தேர்ந்தார்கள். குடியிலிருந்து விலகி நிற்கத் தங்களுக்கு ஒரு பிடிமானம் வேண்டும் என்று அவர்களே விலை கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள். பொறுப்பை விரும்பாத மனிதர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். கடைகளின் எண்ணிக்கையையும் திறந்திருக்கும் நேரத்தையும் தீர்மானிக்கிற அரசுதான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

நூறு நாள் வேலையால் விவசாயத்துக்கு ஆள் கிடைப்பதில்லை என்ற குறை, கிராமங்களில் உண்மையான வலியோடு சொல்லப்படுகிறது. 2005இல் இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டம் வந்தபின் விவசாயக் கூலி உயர்ந்தது என்பதை ஆய்வுகளும் ஒப்புக்கொள்கின்றன. ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தில் 157 மண்டலங்களில், கூலிப் பட்டுவாடாவைச் சீர்படுத்தும் ஸ்மார்ட் கார்டு முறையைக் குலுக்கல் அடிப்படையில் முன்னும் பின்னுமாக அறிமுகப்படுத்தி, கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் ஆகியோர் விளைவுகளை அளந்தார்கள். திட்டம் ஒழுங்காக நடந்த இடங்களில் ஏழைக் குடும்பங்களின் வருமானம் கூடியது. கூடிய வருமானத்தின் பெரும்பகுதி நூறு நாள் வேலையிலிருந்து வரவில்லை, வெளியே கிடைத்த கூலி உயர்ந்ததால் வந்தது. வெளி வேலைவாய்ப்பும் குறையவில்லை, கூடவே செய்தது. வேறு வழி இருக்கிறது என்ற நிலை வந்ததும் தொழிலாளியால் கூலி பேச முடிந்தது, அவ்வளவுதான். தலைமுறைகளாகச் சாதியாலும் கடனாலும் ஒரே பண்ணையின் வாசலில் நிற்கவைக்கப்பட்ட மக்கள், கொடுத்ததை வாங்கிக்கொண்டு போகாமல் கூலி கேட்கத் தொடங்கியதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லலாகாது. அதே சமயம், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிக்குக் கூலி உயர்வு சுமைதான். நெல்லுக்கும் வெங்காயத்துக்கும் கட்டுபடியாகும் விலை கிடைக்காதபோது அவர் கூலியை எங்கிருந்து கொடுப்பார்? அவருடைய கோபம் நியாயமானது, ஆனால் அது போய்ச்சேர வேண்டிய முகவரி கொள்முதல் விலையைத் தீர்மானிக்கிறவர்களுடையது. தன்னைவிட ஏழையான ஒருவரின் கூலியைத் தாழ்த்தி வைத்துத்தான் விவசாயம் பிழைக்க வேண்டும் என்றால், அந்த ஏற்பாட்டில் அடிப்படையிலேயே ஏதோ கோளாறு இருக்கிறது.

மீனைக் கொடுக்காதே, மீன் பிடிக்கக் கற்றுக்கொடு என்ற அறிவுரை இந்த விவாதத்தில் தவறாமல் வரும். வங்கதேசத்தின் பிராக் அமைப்பு இரண்டையும் சேர்த்தே செய்து பார்த்தது. மிக ஏழ்மையான கிராமத்துப் பெண்களுக்கு ஒரு பசுவோ அதற்கு ஈடான சொத்தோ கொடுத்து, அதை வளர்க்கும் பயிற்சியும் கொடுத்தது. 2007 முதல் 11 ஆண்டுகள் 23,000 குடும்பங்களின் தரவுகளைத் தொடர்ந்து திரட்டிய ஆய்வு, 2022இல் வெளியானது. எல்லோருக்கும் கிடைத்த உதவி ஏறத்தாழ ஒன்றே. பயிற்சியும் ஒன்றே. ஆனால் முடிவு இரண்டாகப் பிரிந்தது. மாட்டுக் கொட்டகை, வண்டி என்று ஏற்கெனவே ஏதோ கொஞ்சம் வைத்திருந்தவர்கள் ஒரு குறிப்பிட்ட சொத்து வரம்பைத் தாண்டினார்கள், பிறகு தாங்களாகவே மேலே ஏறிப் போனார்கள். அதுவும் இல்லாதவர்கள் வரம்புக்குச் சற்றுக் கீழே நின்று, மெல்லச் சரிந்து பழைய நிலைக்கே திரும்பினார்கள். இரு தரப்புக்கும் இடையில் திறமையிலோ ஊக்கத்திலோ பெரிய வேறுபாடு இருந்ததாகத் தெரியவில்லை. தொடங்கிய இடம்தான் வேறு. கற்றுக்கொடுப்பது அவசியம். ஆனால் வலையும் படகும் இல்லாதவருக்குக் கற்றுக்கொடுத்து என்ன பயன் என்பதை இந்த ஆய்வு காட்டிவிட்டது. அதோடு, மிகச் சிறிய தொகைகளைக் கொடுத்துவிட்டுப் பலன் இல்லையே என்று கைவிரிக்கும் அரசுகளுக்கும் இதில் பாடம் இருக்கிறது. வரம்பைத் தாண்ட உதவாத தொகை துயரத்தைத் தணிக்கும். வறுமையிலிருந்து வெளியே கொண்டுவராது.

தமிழ்நாட்டின் சொந்த வரலாறும் இந்த விவாதத்தில் ஒரு சாட்சி. 1956இல் காமராஜர் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கியபோதும், எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தபோதும், இவ்வளவு செலவு தாங்குமா என்ற கேள்வி எழுந்தது. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களும் பள்ளிகளில் சமைத்த உணவு வழங்க வேண்டும் என்று ஆணையிட்டபோது, இங்கே தொடங்கிய பழக்கம் நாட்டின் சட்டமாயிற்று. சிறுமியாகப் பள்ளியில் சாப்பிட்டவர்கள் தாயானபோது அவர்களுடைய குழந்தைகளின் உயரமும் மேம்பட்டிருந்தது என்று, இந்தியா முழுவதற்குமான தரவுகளை வைத்து 2021இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. அந்த உணவின் பலன் தெரிவதற்கு ஒரு முழுத் தலைமுறை ஆகியிருக்கிறது. ஐந்தாண்டுக் கணக்குப் பார்க்கும் அரசியலுக்கு இது எட்டாத காலம். இன்று இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் இருவர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் குறியீட்டில், 2019-21 தரவுகளின்படி, நாட்டில் 15 சதவீதம் பேர் வறுமையில் இருந்தபோது தமிழ்நாட்டில் அந்த விகிதம் 2.2. இந்த முன்னேற்றம் முழுவதையும் நலத்திட்டங்களின் கணக்கில் எழுத முடியாது. பள்ளிகள், சாலைகள், ஆலைகள், இட ஒதுக்கீடு எல்லாம் சேர்ந்த விளைவு இது. ஆனால் நலத்திட்டம் உழைப்பைக் கொல்லும் என்பது உண்மையாக இருந்தால், இத்தனை தலைமுறைகளாக அவற்றை விரிவாக நடத்திவரும் மாநிலத்தில் இந்த எண்கள் நேர்மாறாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

எதிர்த்தரப்பின் வாதங்களில் வலுவானது நிதி பற்றியது. 2026 மார்ச் முடிவில் மாநிலத்தின் நிலுவைக் கடன் 9.29 லட்சம் கோடி ரூபாயாக இருக்கும் என்று நிதிநிலை அறிக்கையே மதிப்பிட்டது; வருவாய்ப் பற்றாக்குறை 41,000 கோடிக்கு மேல். கடன் வாங்கி அன்றாடச் செலவு செய்வது நல்லதல்ல என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதனால்தான் எல்லாத் திட்டங்களையும் ஒரே தட்டில் வைத்து ஆதரிக்க என்னால் முடியாது. 2006 தேர்தலுக்குப் பிறகு வழங்கப்பட்ட வண்ணத் தொலைக்காட்சிக்கும் பள்ளி உணவுக்கும் ஒரே நியாயம் பொருந்தாது. 2011க்குப் பிறகு வந்த மிக்சியும் கிரைண்டருமாவது பெண்களின் அன்றாட உழைப்பு நேரத்தைக் குறைத்தன. வீட்டுக்குள் நடக்கும் அந்த வேலையை வேலையாகவே மதிக்காதவர்கள்தான் அவற்றைக் கேலி செய்தார்கள். ஒரு திட்டம் ஏழையின் கையில் முடிவெடுக்கும் வலிமையைக் கூட்டுகிறதா, நாளைய பயத்தைக் குறைக்கிறதா, ஆட்சி மாறினாலும் நீடிக்குமா என்று கேட்டால் நல்லதும் அல்லாததும் பிரிந்துவிடும். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண நிதியுதவி, 2022 செப்டம்பரில் புதுமைப்பெண் திட்டமாக மாற்றப்பட்டது. கல்யாணத்துக்குப் பணமும் தாலிக்குத் தங்கமும் கொடுத்துவந்த அரசு, அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் என்று திருத்திக்கொண்டது. திருமணத்தோடு முடிந்துபோகும் செலவு, வாழ்நாள் வருமானத்தைக் கூட்டும் செலவாயிற்று. தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன்பு அவசரமாக அறிவிக்கப்படும் ரொக்கத்தை இந்த வரிசையில் வைக்க முடியாது. அது வாக்காளரைக் குறைத்து மதிப்பிடுகிறது, நல்ல திட்டங்களுக்கும் கெட்ட பெயர் வாங்கிக் கொடுக்கிறது.

தகுதியானவர்களுக்கு மட்டும் கொடுத்தால் செலவு குறையுமே என்பது நியாயமான யோசனையாகத் தோன்றும். உரிமைத் தொகைக்கு 1.63 கோடி பேர் விண்ணப்பித்து, ஏறத்தாழ 1.06 கோடி பேர் தொடக்கத்தில் தேர்வானார்கள். ஆண்டு வருமானம், நிலத்தின் அளவு, மின்சாரப் பயன்பாடு எல்லாம் பார்த்துத்தான் பிரித்தார்கள். ஆனால் கூட்டுக் குடும்பத்தின் மின் கட்டணம் ஏழை மருமகளின் வறுமையைச் சொல்லாது; தாத்தா பெயரில் இருக்கும் வறண்ட நிலம் பேத்தியின் பசியைச் சொல்லாது. விடுபட்டவர்கள் மேல்முறையீட்டுக்கு ஒரு நாள் கூலியை இழந்துதான் அலுவலகத்துக்குப் போக வேண்டும். 1997இல் மத்திய அரசு ரேஷனை வறுமைக் கோட்டுக்குக் கீழ், மேல் என்று பிரித்தபோது தமிழ்நாடு அதை ஏற்காமல் எல்லோருக்குமான முறையையே வைத்துக்கொண்டது. வசதியுள்ள பலர் தாங்களாகவே அந்த அரிசியை வாங்காமல் விட்டார்கள். மிக ஏழையானவர் தன் ஏழ்மையை யாரிடமும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. தவறாகச் சேர்க்கப்படுகிறவரால் வரும் நிதியிழப்பைவிட, தவறாக விடப்படுகிறவருக்கு வரும் பட்டினி பெரிது என்று முடிவு செய்த நிர்வாகம் அது. அந்தத் துணிவைப் பிந்தைய திட்டங்களில் இழந்துவருகிறோம் என்பது என் கவலை.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பவர்கள், இதே கேள்வியை எல்லா இடத்திலும் கேட்க வேண்டும். 2019 செப்டம்பரில் நிறுவன வரியை மத்திய அரசு 30இலிருந்து 22 சதவீதமாகக் குறைத்தபோது, ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் இழப்பு ஏற்படும் என்று அரசே சொன்னது. அது சரியான கொள்கையா தவறானதா என்று விவாதிக்கலாம். ஆனால் அந்தச் சலுகையால் தொழிலதிபர்கள் சோம்பேறிகள் ஆகிவிடுவார்கள் என்று யாரும் அஞ்சவில்லை. அந்தப் பணத்தை எதில் செலவிடுகிறார்கள் என்று காட்டினால்தான் தொடரும் என்று எவரும் நிபந்தனை போடவில்லை. மேலே இருப்பவரிடம் பணம் இருந்தால் அது ஊக்கம், கீழே இருப்பவரிடம் இருந்தால் அது சீரழிவு என்ற அளவுகோலுக்குப் பொருளாதாரத்தில் ஆதாரம் எதுவும் இல்லை.

அந்த அளவுகோல் எங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது என்பதற்கு முதியோர் ஓய்வூதியத்தைப் பார்த்தால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள 60 முதல் 79 வயது வரையிலான முதியவருக்கு மத்திய அரசு தன் பங்காகக் கொடுப்பது மாதம் 200 ரூபாய். 2007இல் இருந்த அதே 200. இடையில் அரிசி, பருப்பு, மருந்து எதன் விலையும் அங்கேயே நிற்கவில்லை. தமிழ்நாடு தன் பணத்தையும் சேர்த்து 2023 ஆகஸ்டிலிருந்து 1,200 ரூபாய் கொடுப்பதால் இங்குள்ள முதியவர்கள் ஓரளவு தப்பித்தார்கள். மாநில அரசின் பங்கு மிகக் குறைவாக இருக்கும் இடங்களில் அந்த 200தான் பெருந்தொகை. எழுபது வயதில் இனி உழைக்க முடியாத ஒருவருக்கு உழைப்பின் மேன்மையைச் சொல்ல எவருக்கும் தகுதியில்லை. அரசு ஊழியரின் அகவிலைப்படி ஆண்டுக்கு இரண்டு முறை விலைவாசியைப் பார்த்துத் திருத்தப்படுகிறது. அதே விலைவாசிக் குறியீட்டோடு இந்த ஓய்வூதியத்தையும் இணைத்துவிட்டால், ஒவ்வொரு தேர்தலுக்கும் யாரோ ஒருவர் அதைப் பரிசாக அறிவிக்க வேண்டிய தேவை இருக்காது. அதற்கான முடிவை நாடாளுமன்றம் அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே எடுக்கலாம்.